ஆடு கதை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டுத் திண்ணையில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வாசிப்பு சொல்லித்தருகிறேன். பத்து வருடம் ஆகிறது. இந்த மண்ணில் நடந்த ஏதாவது ஒரு பழைய விஷயத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஓர் ஆடோ மாடோ காக்கையோ தன் வாயால் சொல்வதாக இரண்டு மூன்று பக்கம் எழுதுவோம். பிள்ளைகள் படிப்பார்கள், பேசுவார்கள், கேட்டால் வரியில் விரல் வைத்துக் காட்டுவார்கள். முறை அவ்வளவுதான்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த நான்கு தன்னார்வலர்கள் தாங்கள் எழுதிய கதைகளைக் கொண்டுவந்தார்கள். படிக்கப் படிக்க என்னுடைய முதல் வருட நோட்டைப் பிரித்துப் பார்ப்பது போலவே இருந்தது. அதே தவறுகள். எழுத்துப்பிழை கூடாது, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். எனக்கே தெரியாமல் நான் செய்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லாம் தெரிந்த விலங்கு

“நான்தான் ராஜராஜ சோழனின் பட்டத்து யானை. என் மன்னர் கி.பி. 985 முதல் 1014 வரை ஆட்சி செய்தார். 1010-ஆம் ஆண்டு தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டி முடித்தார். அதன் விமானம் ஏறக்குறைய 216 அடி உயரம்.”

நான்கு கதைகளில் மூன்று இப்படித்தான் தொடங்கின. தகவலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேசுவது யானை இல்லை, பாடப்புத்தகம். யானைக்குக் கி.பி. எப்படித் தெரியும்? அடிக்கணக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு தவறைப் பார்த்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. ஏனென்றால் இதற்கு நான் கொடுத்த விலை அதிகம்.

சோழர் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று ஒரு சொல் வரும். கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று யாராவது நினைத்தால் ஆடு கொடுப்பார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சைக் கோயில் கணக்கில், பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. மந்தையை இடையர் வாங்கிக்கொண்டு, தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு என்பது கால்படி. சாகிற ஆட்டுக்கும் கிழடான ஆட்டுக்கும் பதிலாகக் குட்டிகள் வளர்ந்து வந்துவிடும், தொண்ணூற்றாறு குறையாது. அதனால்தான் அவை சாகாத, மூப்படையாத ஆடுகள்.

இதைப் படித்த அன்றே ஓர் ஆடு கதை சொல்வதாக எழுதினேன். “நான் ஒரு சாவா மூவாப் பேராடு. அப்படி என்றால் என்ன தெரியுமா, குழந்தைகளே?” என்று தொடங்கி, மேலே நான் சொன்ன அத்தனையையும் ஆடே விளக்கியது. கைக்காசு போட்டு 200 பிரதி அச்சடித்தேன். மூன்று மாதம் அதையே வைத்துப் பாடம் நடத்தினேன். எத்தனை ஆடு, எவ்வளவு நெய், யார் அரசர் என்று எதைக் கேட்டாலும் டாண் டாண் என்று பதில் வந்தது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று நம்பினேன்.

அப்புறம் ஒருநாள் அவர்கள் பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். ஒரு கொக்கு சொல்வது. ஆற்று மணலில் மாட்டு வண்டித் தடம் தெரிகிறது, மீன் எல்லாம் ஒரே ஒரு குட்டையில் கிடக்கிறது, மணலில் கால் வைத்தால் சுடுகிறது. இது எந்தக் காலம் என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. “அக்கா, பதில் எந்த வரியில இருக்கு?” என்று ஒரு பையன் கேட்டான். கோடை என்ற சொல்லை அவன் தேடிக்கொண்டிருந்தான். மூன்று வரியைச் சேர்த்தால் கோடை வரும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அவனுக்கு நான் பழக்கியது, வரியில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதை மட்டும்தான். வருடம் முடிந்ததும் அந்தப் பதினோரு பேரும் ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அச்சடித்த காசு போனதை மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளை மறக்க முடியவில்லை.

விலங்கைக் கதை சொல்ல வைப்பதே அதற்குப் பல விஷயம் தெரியாது என்பதற்காகத்தான். அதற்கு வாசனை தெரியும், பசி தெரியும், காலுக்குக் கீழே தரை சுடுவது தெரியும். அரசன் பெயர் தெரியாது. அது சொல்லாமல் விட்டதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும், வாசிப்பு அங்கேதான் நடக்கிறது. மறுவருடம் அந்த ஆட்டுக் கதையை இப்படித் திருத்தினேன்:

“இடையர் எங்களைத் தினமும் சாயங்காலம் எண்ணுவார். எப்போதும் ஒரே சொல்லில்தான் முடிப்பார்: தொண்ணூற்றாறு. போன மழையில் படுத்த என் அம்மா எழுந்திருக்கவில்லை. அன்று எண்ணும்போது அவர் குரல் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். முதல்முறையாக என் முதுகிலும் கை வைத்தார். தொண்ணூற்றாறு. காலையில் அவர் ஒரு செம்பைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய கல் மலைப் பக்கம் போவார். போகும்போது செம்பு மணக்கும். திரும்பும்போது செம்பு காலி, அவர் துண்டில் புகை வாசம்.”

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைப் படித்துவிட்டு, “அம்மா ஆடு செத்துப்போச்சுக்கா, அதான் இது கணக்குல வந்துடுச்சு” என்றாள். எந்த வரி என்று கேட்டேன். ஒரு விரலை ‘எழுந்திருக்கவில்லை’ மேலும் இன்னொரு விரலை இரண்டாவது ‘தொண்ணூற்றாறு’ மேலும் வைத்தாள். பக்கத்தில் இருந்தவன், “அப்ப ஆடு சாவும், கணக்குதான் சாவாதா?” என்றான். அதற்குப் பிறகுதான் கல்வெட்டுச் சொல்லைப் பலகையில் எழுதினேன். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை.

எழுதி முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து, அந்த விலங்குக்குத் தெரிந்திருக்க முடியாத சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். ஆண்டு, அரசன் பெயர், உயரம், ஊரின் இன்றைய பெயர் எல்லாவற்றையும் கதையிலிருந்து எடுத்துக் கடைசி அரைப்பக்கத்தில் ‘ஆட்டுக்குத் தெரியாதது’ என்று தலைப்புப் போட்டு வையுங்கள். கதையைப் பேசி முடித்த பிறகு அந்த அரைப்பக்கத்தைப் படிக்கட்டும். வரலாறு எதுவும் குறைந்துவிடாது. ஆனால் அளவுக்கு மீறியும் மறைக்க வேண்டாம். மேட்டூர் அணை 1934-இல் திறந்ததைக் கொக்கு சொல்வதாக ஒரு தடவை எழுதினேன். “தண்ணீர் வரும் நாள் மாறிவிட்டது” என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்திருந்தேன். யாருக்கும் புரியவில்லை. ஒரு விஷயத்துக்குக் குறைந்தது இரண்டு தடயமாவது வேண்டும்.

இந்தத் தவறு இன்னொரு வழியாகவும் உள்ளே வரும். கதையைச் சரியாக எழுதிவிட்டு, வகுப்பில் நாமே உடைத்துவிடுகிறோம். “செம்பில் என்ன இருந்தது?” என்று கேட்கிறோம். பிள்ளைகள் யோசிக்கிறார்கள். மூன்று நொடிகூட ஆகியிருக்காது, “நெய்தானே, தெரியலையா?” என்று சொல்லிவிடுகிறோம். அந்த மௌனம் நமக்குத்தான் பயமாக இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லை. கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். ஏழிலோ எட்டிலோ ஒரு குரல் வரும்.

நந்தி

பெரிய கோயில் நந்தி ராஜராஜனைப் பார்த்ததாக எழுதாதீர்கள். இன்று முன்னால் இருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

மிளகாய்

சோழர் காலத்துச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் கிடையாது. மிளகு போடுங்கள்.

அரண்மனை விலங்குகள் மட்டும்

யானை, குதிரை, புலி. புதியவர்கள் இந்த மூன்றைத் தாண்டி வருவதில்லை. குதிரைக்கு நம் பக்கத்தில் நல்ல கதை இருக்கிறது. பூம்புகாருக்குக் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கப்பலில் ஆடி ஆடி வந்த குதிரைக்கு முதல்முறை தரை எப்படி இருந்திருக்கும் என்று எழுதலாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் யாரும் குதிரையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. அதனால் குதிரை பற்றி நாம் எதை எழுதினாலும் நம்பிவிடுவார்கள். மாட்டைப் பற்றி எழுதினால் அப்படி நம்ப மாட்டார்கள்.

1924-இல் காவிரியில் பெருவெள்ளம் வந்ததே, அதை உம்பளச்சேரிக் காளை ஒன்று சொல்வதாக எழுதினேன். “பிறந்தபோது நான் சிவப்பு. இப்போது சாம்பல்” என்று தொடங்கும். அந்த இனத்துக் கன்று சிவந்த நிறத்தில் பிறந்து வளர வளர நிறம் மாறும். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்த வரியைப் படித்ததுமே, “வயசாயிடுச்சுக்கா அதுக்கு” என்றார்கள். வெள்ளத்து இரவில் காளை மேல் முன்பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்தது என்று நடுவில் எழுதியிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அந்த இடத்தில் நிறுத்திவிட்டான். “மாட்டுக்கு மேல முன்பல்லு கிடையாதே.” அவன் சொன்னது சரி. அச்சில் இருப்பதை எதிர்த்து ஒரு பிள்ளை பேசியது என் வகுப்பில் அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து கதையில் ஒரு தவறை வேண்டுமென்றே வைத்து, கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

காக்கையும் நன்றாக வரும். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டது. கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போய் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளினார்கள். நடந்து வந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் அறிவித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டிவைத்தார்கள். எங்கள் கதையில் காக்கை சொல்கிறது: “அன்று புளியமரத்தில் பொட்டலம் காய்த்திருந்தது. கட்டியவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.” அவள் ஏன் ஓடினாள் என்ற ஒரே கேள்வியில் ஒரு மாலை முழுவதும் போய்விட்டது.

மேடை வசனம்

வேண்டாம். வீட்டில் பேசுகிற தமிழுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நிழல் விழாத கோபுரம்

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இரண்டு கதைகளில் இருந்தது. விழும். சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் நின்றால் யாரும் பார்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது என்று ஒரு பொய்யை உண்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், பிள்ளைக்கு இரண்டையும் பிரிக்க வழி இல்லை. கதை முடிந்ததும் நாங்கள் பலகையில் மூன்று கட்டம் போடுவோம்: நடந்தது, எழுதியவர் சேர்த்தது, சொல்ல முடியாதது. தொண்ணூற்றாறு ஆடு முதல் கட்டத்துக்குப் போகும். அம்மா ஆடு செத்தது இரண்டாவது கட்டம். இடையரின் குரல் நின்றதை எங்கே வைப்பது என்று சண்டையே வரும், வரட்டும்.

திருவாரூர்ப் பசு மணி அடித்ததைத் தாராளமாகப் படியுங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியே அதைச் சொல்கிறாள், அவ்வளவு பழைய கதை. கதை என்று சொல்லிவிட்டுப் படியுங்கள்.

நாமே நடித்துக் காட்டுவது

குரல் மாற்றி, கையை ஆட்டி முழுக் கதையையும் நாமே படித்துவிட்டால் பிள்ளைகள் கேட்டவர்கள் ஆகிறார்கள், படித்தவர்கள் ஆவதில்லை. முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டு தாளைக் கையில் கொடுங்கள்.

முதலிலேயே கோயிலுக்குக் கூட்டிப்போவது

முன்பெல்லாம் கோயிலைக் காட்டிவிட்டுத்தான் கதையைக் கொடுப்பேன். ‘பெரிய கல் மலை’ என்ற வரி வந்ததுமே பெரிய கோயில் என்று கத்திவிடுவார்கள், அப்புறம் எதையும் தேட மாட்டார்கள். இப்போது கதையைப் படித்து முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் தஞ்சாவூர் பஸ் ஏறுகிறோம்.

போன தடவை விமானத்தின் அடிப்பகுதியில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் நின்றார்கள். இந்தக் கோயில் கல்வெட்டுகளில்தான் ஆட்டுக் கணக்கெல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து, புள்ளிகூட பெரும்பாலும் இருக்காது, படிக்க வராது. ஆனால் ப, ட மாதிரி சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். கயிற்றைக் கடிக்காத மாட்டைப் பற்றிச் சொன்னானே, அந்தப் பையன் கல்லைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, “இது ‘ப’ தானேக்கா?” என்றான். நான் பத்து எண்ணினேன். அதற்குள் அவனே அடுத்த வரியில் இன்னொரு ‘ப’வைக் கண்டுபிடித்திருந்தான்.