பயன்பாட்டுச் சேவையகத்துக்குள் ஏ.டபிள்யூ.டி. பிழைகளைக் கண்டறிந்து சரிசெய்தல்

ஏ.டபிள்யூ.டி. என்பது சாளரம், படம், எழுத்து ஆகியவற்றைக் கையாளும் ஜாவாவின் வரைகலை நூலகம். ஜாவா பயன்பாட்டுச் சேவையகத்தில் இயங்கும் நிரல், அறிக்கையைப் பி.டி.எஃப். ஆக்கும்போதோ விளக்கப்படம் ஒன்றை வரையும்போதோ, எக்ஸ்11கிராஃபிக்ஸ்என்விரான்மென்ட் என்ற கிளாஸைத் துவக்க இயலவில்லை என்று கூறும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் பிழையுடன் நின்றுவிடுவது உண்டு. பெயரைப் பார்த்து ஏதோ ஜார் கோப்பு (கிளாஸ்களின் தொகுப்பு) விடுபட்டுவிட்டது என்று கருதி, கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலான கிளாஸ்பாத்தைத் துழாவுவது வீண் வேலை. அந்தக் கிளாஸ் இருக்கிறது. அதன் துவக்கம் ஒருமுறை தோற்றுவிட்டதால், ஜாவா நிரல்களை இயக்கும் ஜே.வி.எம். மறுபடி முயலாமல், அடுத்தடுத்த அழைப்புகளுக்கெல்லாம் இந்தப் பிழையையே திருப்பித் தருகிறது. ஆகவே, சேவையகம் கடைசியாகத் துவங்கிய நேரம்வரை பதிவுக்கோப்பில் பின்னோக்கிச் சென்று, முதன்முதலில் எழுந்த பிழையைத் தேடுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

லினக்ஸில் திரையைக் கையாளும் எக்ஸ்11 சாளரச் சேவையகத்துடன் இணைய முடியவில்லை என்று அது கூறினால், பயன்பாட்டுச் சேவையகத்தின் செயல்முறை, எந்தத் திரையுடன் இணைவது என்று சொல்லும் டிஸ்ப்ளே என்னும் சூழல் மாறியை எங்கிருந்தோ பெற்றிருக்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியே, திரை வெளியீட்டைத் தம் கணினிக்கு அனுப்பும் எக்ஸ் முன்னனுப்பல் வசதியுடன் நுழைந்த ஒருவர் பயன்பாட்டுச் சேவையகத்தைத் துவக்கினால், அவருடைய இணைப்பு இருக்கும்வரை நிரல் பிழையின்றி ஓடி, அவர் வெளியேறிய பின் தோற்கத் தொடங்கும்; ‘நேற்றுவரை சரியாக இருந்தது’ என்று சொல்லப்படும் பிழைகளில் இதையே நான் முதலில் ஐயுறுவேன். லினக்ஸின் ப்ராக் அடைவில், அந்தச் செயல்முறையின் எண்ணுக்குரிய உள்ளடைவிலுள்ள என்விரான் கோப்பைப் படித்தால் இது தெளிவாகிவிடும்.

தீர்வு, திரையில்லாமல் இயங்குமாறு ஏ.டபிள்யூ.டி.க்குச் சொல்லும் ஜாவா.ஏடபிள்யூடி.ஹெட்லெஸ் என்னும் பண்புக்கு ட்ரூ என்ற மதிப்பைத் துவக்கக் கட்டளையிலேயே கொடுப்பது. நிரலுக்குள் பிற்பாடு கொடுப்பதை நம்ப வேண்டாம், ஏ.டபிள்யூ.டி. அந்த மதிப்பை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்வதால், வேறொரு பயன்பாடு முந்திக்கொண்டால் உங்கள் மாற்றம் செல்லாது. டாம்கேட் என்னும் சேவையகத்தில் இதை செட்என்வி கோப்பில் கேட்டலினா ஆப்ட்ஸ் மாறியுடன் சேர்க்கலாம். வைல்டுஃபிளை என்னும் மற்றொரு சேவையகத்தின் ஸ்டாண்டலோன் அமைவுக்கோப்பில் இது முன்பே உள்ளது. எனினும், ஜாவா ஆப்ட்ஸ் மாறி வெளியிலேயே நிறுவப்பட்டிருந்தால் அக்கோப்பின் இயல்பு மதிப்புகள் கைவிடப்படும் என்பதால், இந்தப் பண்பும் ஓசையின்றிக் காணாமல் போகும். ஜேசிஎம்டி கருவியின் கணினிப் பண்புகள் கட்டளையால், ஓடும் ஜே.வி.எம். உண்மையில் எந்த மதிப்பை ஏற்றிருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதல் பிழை அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர் எனில், விடுபட்டிருப்பது இயக்க முறைமையின் நூலகம். பிழைச்செய்தி குறிப்பிடும் எஸ்.ஓ. கோப்பின் (லினக்ஸ் நூலகக் கோப்பு) மீது, அதற்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை இயக்கினால், எது கிடைக்கவில்லை என்று தெரியும். எழுத்துரு அமைவு வெறுமையாக உள்ளது என்ற பிழையோ, ஃபான்ட்கான்ஃபிகரேஷன் கிளாஸுக்குள் எழும் நல்பாயிண்டர்எக்ஸெப்ஷனோ வந்தால், ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப் ஆகிய எழுத்துரு நூலகங்களுடன் குறைந்தது ஓர் எழுத்துருத் தொகுப்பையும் நிறுவுங்கள். மிகச் சிறிய கொள்கலன் படிமங்களில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஹெட்லெஸ் நிலையிலும் எழுத்துகளை வரைய எழுத்துரு வேண்டும்.

ஹெட்லெஸ்எக்ஸெப்ஷன் என்பது வேறு வகை. பஃபர்டுஇமேஜ், கிராஃபிக்ஸ்2டி போன்றவை திரையில்லாமலே வேலை செய்யும். ஜேஃப்ரேம், ஜேடயலாக் போன்ற சாளரக் கிளாஸ்களுக்குத் திரை வேண்டும். இந்தப் பிழை வந்தால் நிரல் சாளரம் திறக்க முயல்கிறது என்று பொருள். சேவையகத்தில் இயங்கும் ஜாவா கூறுகளுக்கான ஈ.ஜே.பி. விவரக்குறிப்பே, திரையில் காட்டவோ விசைப்பலகையிலிருந்து பெறவோ ஒரு பீன் (அத்தகைய கூறு) ஏ.டபிள்யூ.டி.யைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எனவே அந்த அழைப்பை நீக்குவதே முறை. அது மாற்ற முடியாத பிறர் நூலகத்துக்குள் இருந்தால் மட்டும், எக்ஸ்விஎஃப்பி என்னும் மெய்நிகர் திரையை ஓடவிட்டு, டிஸ்ப்ளே மாறியை அதற்குச் சுட்டி, ஹெட்லெஸ் பண்புக்கு ஃபால்ஸ் கொடுங்கள். அப்போது அந்த மெய்நிகர் திரை சேவையகத்துக்கு முன்பே துவங்குமாறு சேவை அமைப்பில் வரிசைப்படுத்த வேண்டும்; இல்லையெனில் மறுதுவக்கத்தின்போது முதலில் கண்ட பிழையே திரும்ப வரும்.