காலிப் பெட்டியையும் வரையுங்கள்

மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் காய்கறிப் பெட்டி வடிவமைக்கும் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள், கணினியைத் திறக்கும் முன் ஒரு விடியற்காலை கோயம்பேடு சந்தைக்குப் போய்வர வேண்டும். மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் வந்த தக்காளி லாரியிலிருந்து இறங்குவதைப் பாருங்கள். லோடுமேன் நான்கு விரலைக் கைப்பிடி ஓட்டைக்குள் விட்டு, இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை இழுக்கிறார். விளிம்பு கூராக இருந்தால் விரலில் கோடு கோடாகப் பள்ளம் விழும். அந்த விளிம்பை உருட்டிவிடுவதுதான் உங்கள் முதல் வேலை. அழகான வளைவெல்லாம் அப்புறம்.

பலரும் நிறைந்த பெட்டியை மட்டுமே வரைகிறார்கள். திரும்பிப் போகும் லாரியில் காலிப் பெட்டியும் அதே இடத்தை அடைத்தால் வாடகை யார் கொடுப்பது? சுவரைச் சற்றுச் சரித்து, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்படி வையுங்கள். மேல் பெட்டியைப் பாதி வட்டம் திருப்பினால், உள்ளே இறங்காமல் கீழ்ப் பெட்டியின் மேலேறி நிற்க வேண்டும். அடியளவு 60-க்கு 40 செ.மீ. என்றால் சரக்கு அடுக்கும் 120-க்கு 100 செ.மீ. பலகையில் (பேலட்) ஓர் அடுக்குக்கு 5 பெட்டி கச்சிதமாக உட்காரும். 2 செ.மீ. கூட்டினாலே வெளியே துருத்தும்.

மூலப்பொருளில்தான் பெரிய சறுக்கல். ஷாம்பு பாட்டிலின் எச்டிபிஇ (அடர் பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக்கும் அதன் மூடியின் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக்கும் தண்ணீரில் மிதக்கும். அதனால், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கும் பெட் (குடிநீர் பாட்டில் பிளாஸ்டிக்) பாட்டிலைப் பிரிப்பதுபோல இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது. பிரிக்காமல் உருக்கினால் இரண்டும் சரியாக ஒட்டாது. பெட்டி கீழே விழும்போது மூலையில் விரிசல் விடும். பாட்டில் எச்டிபிஇ உருகினாலும் கெட்டியாகவே ஓடும். மெல்லிய விலா எலும்பு போன்ற அமைப்புகளுக்குள் அது முழுதாகப் போய்ச் சேராது. பூச்சிமருந்து, பெயின்ட் டப்பாக்களை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள், உள்ளே போவது நாம் சாப்பிடும் பொருள். வெயிலைத் தாங்கும் சேர்மானத்தையும் மறக்க வேண்டாம்.

அலங்காரப் பள்ளங்கள் வேண்டாம். அழுகிய சாறு அங்கேதான் தங்கும், பிரஷ் போகாது.

கடைசியாக, மாதிரிப் பெட்டியில் தக்காளி நிரப்பி, மேலே ஆறு பெட்டி எடையை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். மேல் எடை முழுவதும் மூலைகள் வழியே இறங்க வேண்டும். பழத்தின் மேல் ஒரு கிலோகூட உட்காரக் கூடாது. காலையில் அடித்தட்டுப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தோலில் பெட்டியின் அடிச்சட்டங்களின் தடம் பதிந்திருந்தால் வரைபடத்துக்குத் திரும்புங்கள்.