மயில்வாகனன் போன்ற ஒரு அறிவிப்பாளரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

தூத்துக்குடி, வேம்பார் பக்கத்துப் பெரியவர்களிடம் இலங்கை வானொலி என்று சொன்னால் போதும், எஸ்.பி. மயில்வாகனன் பெயர் தானாக வரும். அதன் வர்த்தக சேவையில் தமிழில் பேசிய முன்னோடி அவர். கடலுக்கு இந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் சொற்பம். குரல்தான் வீடு வீடாக வந்தது. அவரைப் போன்றவர்களைப் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் வழி கேட்கிறார்கள். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இதுதான் என் முழுநேர வேலை. கேட்டவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும் என்ற தவிப்பில் எழுதுகிறேன்.

முதலில் ஆளை விட்டுவிட்டு நிலையத்தைப் பிடியுங்கள். ஒரு நீளத் தாளில் கோடு போட்டு ஆண்டுகளைக் குறியுங்கள். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடந்தது. தொலைதூரம் போகும் அதன் வலிமையான சிற்றலை (ஷார்ட்வேவ்) கருவிகள் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் நிலையம் ரேடியோ சிலோன் ஆனது, 1950இல் விளம்பரங்களோடு வர்த்தக சேவை வந்தது, 1967இல் நிலையம் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. இந்தியப் பக்கத்தையும் அதே கோட்டில் சேருங்கள். 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். சினிமாப் பாட்டுப் போடும் அதன் விவித் பாரதி சேவை 1957 அக்டோபரில்தான் வந்தது. இடையில் இருந்த அந்த ஐந்து ஆண்டுகளில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முள்ளைக் கொழும்புக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு அறிவிப்பாளர் இன்னொரு நாட்டில் இவ்வளவு செல்லப்பிள்ளை ஆனதற்கு அவருடைய திறமையோடு இந்தச் சூழலும் காரணம். இதைச் சொல்லாத வாழ்க்கை வரலாறு வெறும் புகழுரையாகிவிடும்.

அப்புறம் நேயர்களிடம் போங்கள். "மயில்வாகனன் எப்படிப் பேசுவார்?" என்று தொடங்காதீர்கள். "அருமையாகப் பேசுவார்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பெட்டியில் கேட்டீர்கள் என்று கேளுங்கள். மர்பியா, புஷ்ஷா, பிலிப்ஸா? யார் வீட்டில் இருந்தது? ஏரியல் கம்பியை எங்கே கட்டினார்கள்? பெட்டியில் தொடங்கினால் திண்ணை வரும், டீக்கடை வரும், பஞ்சாயத்து ரேடியோ வரும், அவற்றோடு குரலும் வரும். வால்வு சூடாகும்வரை காத்திருந்தோம் என்கிறவருக்கும், கையடக்க டிரான்சிஸ்டரைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன் என்கிறவருக்கும் நடுவே சில ஆண்டுகள் இடைவெளி உண்டு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு கேட்டால் யாருக்கும் சரியாக நினைவிருக்காது. பாட்டைக் கேளுங்கள். 'பாசமலர்' பாட்டை அவர் அறிவித்ததாக ஒருவர் சொன்னால், அந்த நினைவு 1961க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் படம் வந்தது அந்த ஆண்டு. ஆனால் பழைய பாட்டைப் பிறகும் போட்டிருப்பார்கள். எனவே இது "இதற்கு முன் அல்ல" என்று மட்டும்தான் சொல்லும். "ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்" என்று அவர் சொல்லக் கேட்டதாக நினைவிருந்தால், அது 1967க்கு முந்தியது அல்ல. கல்யாணம், முதல் பிள்ளை, ஊருக்குக் கரண்டு வந்த வருஷம் என்று வீட்டு நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்ப்பதும் உதவும்.

உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த ஒரு அண்ணாச்சி என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே குரலை மாற்றி அறிவிக்கத் தொடங்கிவிட்டார். மூச்சு விடாமல் ஒரு வேகம், பெயரின் கடைசியில் ஒரு இழுப்பு. இப்படி யாராவது செய்தால் குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். வேகம், மூச்சு எடுத்த இடம், அழுத்திய எழுத்து எல்லாம் அதில் இருக்கும். ஆனால் கோப்பில் "இன்னார் நினைவிலிருந்து செய்து காட்டியது" என்று எழுதுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்லிவிட்டால், திரும்பக் கேட்பது உங்கள் குரலைத்தான்.

உண்மையான ஒலிப்பதிவு கிடைப்பது அரிது. அந்தக் காலத்தில் அறிவிப்பு நேரடியாகப் போனது. பதிவானாலும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது உலகெங்கும் வழக்கம். இணையத்தில் கிடைக்கும் துண்டுகளில் பெயர் மாறியவையும் உண்டு. ஒரே துண்டை இரண்டு மூத்த நேயர்களிடம் தனித்தனியாக, பெயர் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பின்னணியில் உள்ள பாட்டையும் விளம்பரத்தையும் வைத்துக் காலத்தைச் சரிபாருங்கள்.

யாராவது கேசட் கொடுத்தால், முதலில் அதன் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தக்கைகளை உடைத்துவிடுங்கள். தவறியும் அதன்மேல் பதிவாகாது. டெக்கில் நாடா உரசிப்போகும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, கணினியில் வேவ் கோப்பாக ஏற்றுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வேலையெல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். பெரிய ஸ்பூல் நாடா கிடைத்தால், தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வேகம் தவறினால் குரலே வேறு ஆளுடையதாகக் கேட்கும்.

பிறந்த ஊர், இறந்த தேதி போன்றவற்றை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளம் நகலெடுப்பதுதான் நடக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில், இறந்து 31ஆம் நாளையொட்டி நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. அதில் வம்சம், படிப்பு, உத்தியோகம் எல்லாம் வரும். உறவினர்களிடம் முதலில் அதைத்தான் கேளுங்கள். 'நூலகம்' என்ற ஈழத்து இணைய மின்னூலகத்திலும் இப்படியான மலர்கள் நிறையச் சேர்ந்துள்ளன. அங்கேயே பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் தேடுங்கள். வீரகேசரி 1930 முதலும் தினகரன் 1932 முதலும் வருகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமா, வானொலி சார்ந்த பழைய இதழ்களைக் கேட்டுப் பாருங்கள்.

குடும்பத்தாரிடம் போகும்போது கேமராவை வெளியே எடுக்காதீர்கள். இரண்டாவது சந்திப்பில் அனுமதி கேட்டு எழுதி வாங்குங்கள். படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மயில்வாகனனின் மனைவி செந்திமணி மயில்வாகனனும் இலங்கை வானொலி அறிவிப்பாளர். அவரை ஒரு வரியில், "துணைவியார்" என்று கடந்துபோவது பெரிய அநியாயம். அவருக்குத் தனிக் கோப்பு திறந்து, நேயர்களிடம் அவரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்து வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். முடிந்ததும் ஒலிக்கோப்பு, ஸ்கேன், ஒப்புதல் கடிதம் மூன்றையும் இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு பிரதியைப் பேசிய பெரியவரின் வீட்டுக்கே பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் யாராவது அதைப் போட்டுக் காட்டும்போது விட்டுப்போன பெயர் ஒன்றோ இரண்டோ அவருக்கு நினைவு வரும். அதனால் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.