புது வாஷிங் மெஷின் பிழியும்போது குதிக்கிறதா?

வாங்கி வைத்த சில நாட்களிலேயே மெஷின் தடதடவென்று அதிர்ந்து, வைத்த இடத்தை விட்டு நகர்ந்து வந்தால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்தது. அதைவிட எரிச்சல், பார்க்க வந்த சர்வீஸ் ஆள் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "தரை சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. கோளாறு பொருத்தியதில் இருக்கிறதா, மெஷினிலேயே இருக்கிறதா என்று நாமே பிரித்துக் காட்டிவிட்டால் அந்தப் பதிலை அவர்கள் சொல்ல முடியாது. முன்பக்கம் கதவு உள்ள மெஷினை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மெஷினின் பின்பக்கத்தைப் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடிவிடாமல் இருக்க, பின்னாலிருந்து நீளமான போல்ட்களை முடுக்கி டிரம்மை இறுக்கிப் பிடித்து அனுப்புவார்கள். பெரும்பாலும் மூன்றோ நான்கோ இருக்கும். பொருத்தும்போது அவற்றைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைக்க வேண்டும். டிரம் ஸ்பிரிங்கில் தொங்கி, அடியில் ஷாக் அப்சார்பர் தாங்க, தன்பாட்டுக்கு ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. போல்ட் இருந்தால் அந்த ஆட்டம் முழுக்க வெளிக்கூட்டுக்கு வந்துவிடும், மெஷினே குதிக்கும். பின்னால் பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பதில் போல்ட் தலைகள் தெரிந்தால் மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். கழற்றிய போல்ட்களைத் தூக்கியும் போட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது திரும்ப மாட்ட வேண்டும்.

அடுத்தது மட்டம். மெஷினின் மேல் மூலைகளில் எதிரெதிராக இருக்கும் இரண்டைக் கையால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளி ஆடினாலும் ஏதோ ஒரு கால் தரையில் படவில்லை என்று அர்த்தம். காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் அந்தக் காலில் இருக்கும் பூட்டு நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நட்டை இறுக்காவிட்டால் நாலு முறை துவைத்ததும் கால் தானாகத் திரும்பி, மட்டம் மறுபடி கெட்டுவிடும்.

இரண்டும் சரியா? இப்போது துணியே போடாமல் ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். காலியாக ஓடும்போது அமைதியாக இருந்து, துணி போட்டால் மட்டும் அதிர்ந்தால், சிக்கல் பெரும்பாலும் துணியில்தான். ஒரே ஒரு கனமான போர்வையைத் தனியாகப் போட்டால் ஈரத்தோடு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். கூடவே நாலைந்து துணிகளைச் சேர்த்துப் போட்டால் எடை பரவலாக விழும். காலியாகவே குதித்தால் துணியின் மேல் பழி போட வழியில்லை.

இனி டிரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து, டிரம்மைக் கீழ்நோக்கி அழுத்திச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து சீக்கிரம் நின்றுவிட வேண்டும். பல முறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படலாம். என் மெஷினில் அப்படித்தான் ஆடியது, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. பிறகு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, உள் விளிம்பைப் பிடித்துத் தூக்கும்போது டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினாலோ, பேரிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின் மூடியைக் கழற்றி நீங்களே உள்ளே கை வைக்காதீர்கள். வாரண்டியை மறுக்க அதையே காரணமாகக் காட்டிவிடுவார்கள்.

பார்த்தது எல்லாவற்றையும் போனில் படம் பிடியுங்கள். பின்னால் போல்ட் இல்லாதது, மேலே ரசமட்டம், காலியான டிரம், அப்படியே ஸ்பின் ஓடுவது என்று வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுப்பது நல்லது. மாடலும் சீரியல் நம்பரும் உள்ள ஸ்டிக்கரையும் எடுங்கள், அது பெரும்பாலும் கதவைத் திறந்தால் தெரியும். போனில் புகார் சொன்னாலும் அதையே எழுத்திலும் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவதற்குக் கடைகள் பொதுவாகக் குறுகிய கெடுதான் வைத்திருக்கும். "இன்னொரு ஆளை அனுப்புகிறோம்" என்று இழுத்தடிப்பதிலேயே அது கழிந்துவிடும். அதனால் முதல் புகாரிலேயே "மாற்றித் தர வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள்.

வந்தவர் என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்பதை அவர் கையாலேயே சர்வீஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கோளாறு தொடர்கிறது என்று நீங்களும் ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு இரண்டாவதாக வந்தவர் வீடியோவைப் பார்த்ததும் தரையைப் பற்றிப் பேசவே இல்லை. சீட்டில் ஷாக் அப்சார்பர் என்று எழுதிக் கொடுத்தார், அந்தச் சீட்டைக் காட்டித்தான் மாற்று மெஷின் கேட்டு வாங்கினேன்.

மாற்று மெஷின் வந்தால், பொருத்தியவர் கிளம்புவதற்கு முன்பே போல்ட்களை எண்ணி வாங்கிக்கொண்டு, அவர் எதிரிலேயே காலியாக ஒரு ஸ்பின் ஓட்டிப் பாருங்கள்.