எத்தனால் ஆவியழுத்தம்: ஒரு எண்ணை நம்புவதற்கு முன்

25 டிகிரி செல்சியஸில் எத்தனாலின் ஆவியழுத்தம் (திரவத்தோடு சமநிலையில் இருக்கும் அதன் ஆவி தரும் அழுத்தம்) எவ்வளவு என்று தேடினால் அரை நொடியில் பதில் கிடைக்கும். அதை வீட்டுப்பாடத்தில் எழுதலாம். வடிகலன் வடிவமைக்க அது போதாது. யார் அளந்தது, எப்படி அளந்தது, எந்த வெப்பநிலை வரை செல்லும் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை எத்தனாலை வைத்தே செய்து பார்ப்போம். ஒரு எக்செல் தாளும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் போதும்.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

பொருள், பண்பு, வெப்பநிலை எல்லை, எவ்வளவு பிழை தாங்கும் என்ற நான்கும் வேண்டும். நம் கணக்கு: எத்தனால், ஆவியழுத்தம், 20 முதல் 80 டிகிரி வரை, 1 சதவீதம்.

படி 2: சேகரியுங்கள், சராசரி எடுக்காதீர்கள்

இலவசமாகக் கிடைப்பதில் முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனத்தின் கெமிஸ்ட்ரி வெப்புக் என்ற இணையத் தொகுப்பு. காசு கொடுத்தால் 1973இல் ஜெர்மனியில் தொடங்கிய டார்ட்மண்ட் தரவு வங்கியும், டிப்பர் 801 என்ற வேதிப்பொருள் பண்புத் தொகுப்பும் உண்டு. இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் குழுக்கள் புதியவை அல்ல. நிஸ்ட்டின் வெப்ப இயக்கவியல் ஆராய்ச்சி மையம் 1942இல் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்களுக்கான திட்டமாகத் தொடங்கியது.

எக்செல்லில் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு, ஆண்டு, அளந்த முறை, மாதிரியின் தூய்மை, வெப்பநிலை எல்லை, பிழைவரம்பு, மூலக் கட்டுரை என்று நிரல்கள் போடுங்கள். காலியாகக் கிடக்கும் கட்டங்களும் ஒரு தகவல்தான். எதுவுமே சொல்லாத எண்ணைக் கடைசி வரிசைக்குத் தள்ளுங்கள்.

படி 3: சாட்சிகளை எண்ணுங்கள்

ஆரம்பத்தில் நான் ஐந்து கையேடுகளைப் புரட்டினேன். ஆவியழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு ஐந்திலும் ஒரே மாறிலிகள், கடைசி இலக்கம் வரை. எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்து போனேன். அடிக்குறிப்புகளைத் தேடிப் போனால் ஐந்தும் ஒரே கட்டுரையில் போய் நின்றன. ஒரு சாட்சி சொன்னதை ஐந்து பேர் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 4: அலகுகள்

சலிப்பான படி, ஆனால் தவறுகளில் பாதி இங்கேதான். 760 மி.மீ. பாதரசம் என்பது 101.325 கிலோபாஸ்கல். ஒரு கலோரி என்றால் 4.184 ஜூலா, 4.1868 ஜூலா என்பதை மூலத்தில் பாருங்கள். இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 1990இன் சர்வதேச வெப்பநிலை அளவுகோலின்படி ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 100இல் அல்ல, 99.974 டிகிரியில். பழைய தரவை அப்படியே எடுத்தால் அந்த வித்தியாசமும் கூடவே வரும். நம் 1 சதவீதத்துக்கு அது பெரிதல்ல. துல்லியமான வேலைக்குப் பெரிது.

படி 5: கணக்கிடுங்கள்

1888இல் வந்த ஆன்டுவான் சமன்பாட்டை எடுப்போம். 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை (அழுத்தம்) = ஏ − பி ÷ (வெப்பநிலை + சி). ஏ, பி, சி மூன்றும் பொருளுக்குரிய மாறிலிகள்; கீழே அதே வரிசையில் தருகிறேன்.

முதல் தொகுதி, அழுத்தம் பார் அலகிலும் வெப்பநிலை கெல்வினிலும்: 5.24677, 1598.673, −46.424. ஆம்ப்ரோஸ், ஸ்பிரேக் இருவரின் 1970 அளவீட்டிலிருந்து வந்தது, எல்லை 292.77 முதல் 366.63 கெல்வின். இரண்டாவது, பாடநூல்களில் பரவலாக உள்ளது, மி.மீ. பாதரசத்திலும் செல்சியஸிலும்: 8.20417, 1642.89, 230.300, எல்லை −57 முதல் 80 டிகிரி.

25 டிகிரியில் முதலாவது 7.87 கிலோபாஸ்கல் தரும், இரண்டாவது 7.83. வித்தியாசம் அரை சதவீதம். கொதிநிலையான 78.3 டிகிரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் 0.1 சதவீதத்துக்கும் கீழே. கொதிநிலை எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த புள்ளி. எந்தச் சமன்பாடும் அங்கே தவறு காட்டாது. ஆகவே கொதிநிலையில் மட்டும் சரிபார்ப்பது சோதனையே அல்ல. குறைந்த வெப்பநிலைக்குப் போங்கள்.

இன்னொன்று: 4.4 சதவீதம் தண்ணீர் கலந்த எத்தனால் 78.2 டிகிரியில் கொதிக்கும். தூய எத்தனாலோடு 0.1 டிகிரிதான் வித்தியாசம். எனவே கொதிநிலை பொருந்துகிறது என்பதால் மாதிரி தூயது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீரை எப்படி நீக்கினார்கள், எப்படி அளந்தார்கள் என்று கட்டுரையில் தேடுங்கள்.

படி 6: வேறு வழியில் வந்த எண்ணோடு மோதவிடுங்கள்

எனக்குப் பிடித்த படி இது. ஆவியழுத்தக் கோட்டின் சரிவிலிருந்து ஆவியாதல் வெப்பம் வரும். அதை வெப்பத்தை அளக்கும் கருவியான கலோரிமானியால் தனியாகவும் அளக்கலாம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கெல்வின் தொகுதியைக் கொண்டு:

வெப்பம் = 2.3026 × 8.314 × பி × (வெப்பநிலை ÷ (வெப்பநிலை + சி))²

25 டிகிரியில் மோலுக்கு 42.9 கிலோஜூல் வரும். கலோரிமானி சொல்வது 42.3. சரி. கொதிநிலையில் கணக்கு 40.6, கலோரிமானி 38.6. ஐந்து சதவீதம்! தரவைத் தூக்கிப்போடத் தோன்றும். பொறுங்கள். இந்தச் சூத்திரம் ஆவியை இலட்சிய வாயு, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத வாயு, என்று வைத்துக்கொள்கிறது. எத்தனால் மூலக்கூறுகள் ஆவியிலும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் ஏற ஏற அது தெரியும். குற்றம் தரவில் இல்லை, நம் அனுமானத்தில். அதனால்தான் இந்தச் சோதனையை அழுத்தம் குறைவான இடத்தில் வைத்துக்கொள்வது.

படி 7: விலகலை வரையுங்கள்

அழுத்தத்தையே வரைந்தால் எல்லாத் தரவும் ஒரே கோடாகத் தெரியும். சமன்பாட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எத்தனை சதவீதம் விலகுகிறது என்று வரையுங்கள். சிதறல் இருந்தால் அது சாதாரணப் பிழை. குளிர்ந்த பக்கம் போகப் போக ஒருவரின் புள்ளிகள் மட்டும் மேலே ஏறினால், திரவத்தில் கரைந்திருந்த காற்றைச் சரியாக வெளியேற்றவில்லையோ என்று சந்தேகியுங்கள்.

படி 8: எல்லையோடு எழுதுங்கள்

என் தாளில் இப்படி இருக்கிறது: 7.87 ± 0.04 கிலோபாஸ்கல், 25 டிகிரி. சமன்பாடு 20 முதல் 80 டிகிரி வரை. இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். பாடநூல் தொகுதியை 200 டிகிரிக்கு நீட்டிப் பாருங்கள்: சுமார் 24,330 மி.மீ. வரும். 77 முதல் 243 டிகிரிக்கென்றே உள்ள தொகுதி (7.68117, 1332.04, 199.200) தருவது சுமார் 22,100. பத்து சதவீதம் அதிகம். எக்செல் எந்த எச்சரிக்கையும் காட்டாது.