கோபேல குட்டி பிஸ்ட்ரோக்குப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஜப்பான்ல இருக்குற கோபே துறைமுகத்தை 1868-லயே வெளிநாட்டுக்காரங்களுக்குத் திறந்துவிட்டுட்டாங்க, அதனால பிரெட்டு, மேற்கத்திய சாப்பாடெல்லாம் அந்த ஊர்ல ஊறிப்போன விஷயம். சன்னோமியா ஸ்டேஷன்லேர்ந்து கிதானோ மேட்டுப் பக்கம் ஏறினா சந்துக்குள்ள பத்து சீட்டுகூட இல்லாத பிரெஞ்சு, இத்தாலியன் சாப்பாட்டுக் கடைங்க இருக்கும், அதுதான் பிஸ்ட்ரோ. சமைக்கிறவர் ஒருத்தர், பரிமாற ஒருத்தர், சில இடத்துல ரெண்டுமே ஒரே ஆள்தான். நாம பண்ற தப்பு எல்லாம் நேரா அவங்க தலையிலதான் விழும்.

பெரிய தப்புன்னா புக் பண்ணிட்டுப் போகாம இருக்குறது. நாலு பேர்னு சொல்லி ரெண்டு பேர் போய் நிக்குறதும் அதேதான். உங்களை நம்பி காலையிலயே மீன் வாங்கி வச்சிருப்பாங்க, எட்டு சீட்டுல ரெண்டு காலியா கெடந்தா அன்னிக்கு லாபமே போச்சு. பத்து நிமிஷம் லேட்டானாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க.

அடுத்தது நம்மாளுங்களுக்கு ரொம்ப முக்கியம். மாட்டுக்கறி சாப்பிடாதவங்க, சைவக்காரங்க டேபிள்ல உக்காந்தப்புறம் சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது, ஸ்டாக்கு (எலும்பு கொதிக்க வச்ச தண்ணி), சாஸ் எல்லாம் ரெடியாத்தான் இருக்கும். நான் ஒருதடவ "கறி வேணாம்"னு மட்டும் சொல்லிட்டு வெங்காய சூப் ஆர்டர் பண்ணேன், மேல சீஸ் உருகி கிண்ணத்து ஓரத்துல கருகிப் புடிச்சு அவ்ளோ வாசனையா வந்துச்சு, ஸ்பூனை உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டேன், மாட்டெலும்பு கொதிக்க வச்ச தண்ணின்னு சொன்னார், சொல்லும்போதே அவர் முகம் வாடிப்போச்சு. கறித்துண்டு இல்லன்னா கறி இல்லன்னு அங்க நெறைய பேர் நெனப்பாங்க. அதனால ஸ்டாக்கு, பேக்கன், ஜெலட்டின்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லி புக்கிங்லயே ஜப்பானீஸ்ல எழுதிடுங்க.

கேக்காமலே ஒரு குட்டித் தட்டு வந்து பில்லுல 300, 500 யென் ஏறியிருந்தா ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க. ஓதோஷின்னு பேரு, சீட்டுக் காசு மாதிரி. ஆளுக்கு ஒரு டிரிங்க் கண்டிப்பா சொல்லணும்ங்கிற கடையும் இருக்கு, குடிக்காதவங்க ஜூஸ் சொல்லலாம்.

வைன்ல எல்லாரும் பிரான்ஸ் பேரையே தேடுவாங்க, அது தப்புன்னு சொல்லல, ஆனா ஜப்பான்லயே யாமானாஷி பக்கம் வெளையுற கோஷூ திராட்சையில பண்ண வெள்ளை வைனை விட்றாதீங்க, லேசான புளிப்பு, மீனுக்கு அப்படிப் பொருந்தும். லேபிள்ல 'நிஹோன் வைன்'னு (நிஹோன்னா ஜப்பான்) இருக்கான்னு மட்டும் பாருங்க, 2018 அக்டோபர்லேர்ந்து முழுக்க ஜப்பான்ல வெளஞ்ச திராட்சைன்னாத்தான் அந்தப் பேரப் போடலாம். கம்பாய் (நம்ம சியர்ஸ் மாதிரி) சொல்றப்ப மெல்லிசு கிளாஸை இடிக்காதீங்க, லேசாத் தூக்கினா போதும்.

குடிச்சிட்டு சைக்கிள்ல ரூமுக்குப் போய்டலாம்னும் நெனைக்காதீங்க, 2024 நவம்பர்லேர்ந்து சட்டம் இன்னும் இறுகிடுச்சு, ஒரு லிட்டர் மூச்சுல 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. நடந்தோ ரயில்லயோ போய்டுங்க.

லாஸ்ட் ஆர்டர் முடிஞ்சப்புறம் இன்னொரு தட்டு கேக்குறது, கார்டு மட்டும் வச்சுக்கிட்டுப் போறது, இதுவும் வேணாம். டேபிள்ல டிப்ஸ் வச்சா மறந்துட்டீங்கன்னு நெனச்சு தெருவுல ஓடிவந்து கைல குடுப்பாங்க. கிச்சன் பக்கம் திரும்பி "கோச்சிசோசாமா தேஷ்தா"ன்னு (சாப்பாட்டுக்கு நன்றின்னு அர்த்தம்) சொல்லிட்டுக் கெளம்புங்க, அடுப்புகிட்ட நிக்குறவர் நிமிந்து தலை குனிஞ்சு வணக்கம் சொல்லுவார்.