வால்வு ஆம்ப் வாங்குமுன்: காசைக் கரைக்கும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு அழைத்தார். புதிதாக 300பி என்ற கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கியிருக்கிறார். "பாட்டு அமுங்கிப் போய் கேக்குது அண்ணே, வால்வ மாத்திப் பாக்கலாமா?" என்றார். போய்ப் பார்த்தால், அலமாரி மேல் நான் ஒரு காலத்தில் வைத்திருந்தது போலவே இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்ப் மேல் பூ ஜாடி வைக்காதீர்கள், ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்பீக்கரைக் கேட்காமல் ஆம்ப் வாங்குவது

நான் 300பி வாங்கிய கதை இது. கடையில் கேட்டபோது மயங்கித்தான் போனேன். ஆள் எதிரே உட்கார்ந்து பாடுவது போல் இருந்தது. அங்கே மாட்டியிருந்தது புனல் வாய் வைத்த ஆளுயர ஹார்ன் ஸ்பீக்கர் என்பதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை. கடைக்காரரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் சின்ன ஸ்பீக்கரில் மாட்டினேன். குரல் அழகாகத்தான் இருந்தது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். தவில்காரர் ஓங்கி அடிக்கும் இடத்தில் "டம்" என்று தெறிக்க வேண்டிய அடி, நனைந்த சாக்கைத் தட்டியது போல் விழுந்தது.

அப்புறம் வழக்கமான பைத்தியம். பழைய சரக்கு என்று தேடிப்பிடித்து வேறு வால்வு, தடித்த கேபிள், ஸ்பீக்கருக்கு அடியில் கருங்கல். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒருநாள் ஆம்ப் பழுதுக்குப் போயிருந்தபோது, ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய பழைய 2என்3055 டிரான்சிஸ்டர் ஆம்பைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினேன். பிளைவுட் பெட்டி, ஒரு குமிழ் உடைந்திருந்தது. அதே கச்சேரி. தவில் எழுந்து நின்றது. சந்தோஷப்படவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியவில்லை.

கணக்கு எளிது, கரண்ட் பில்லின் பின்பக்கத்திலேயே போட்டுவிடலாம். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 84 டெசிபெல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஒற்றை 300பி தருவது சுமார் 8 வாட். ஆக 93. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதிலும் குறையும். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து கொஞ்சம் ஈடுகட்டினாலும் 90 வாக்கில் நின்றுவிடும். பாட்டு சராசரியாக 75-ல் போய்க்கொண்டிருக்கும்போது தவில் அடி அதற்கு மேல் 20 டெசிபெல் தாண்டிக் குதிக்கும். குதிக்க இடமில்லை, தலை இடிக்கிறது. வால்வு ஆம்ப் இடிப்பதையும் மென்மையாக இடிக்கும்; அதனால் பழுது என்று தோன்றாது, "அமுங்கி" இருப்பதாகத்தான் தோன்றும்.

அதே 8 வாட்டை 96 டெசிபெல் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், 84 ஸ்பீக்கருக்கு 128 வாட் கொடுத்ததற்குச் சமம். 300பி 1938-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து வந்தது. சில வாட்டுகளை வைத்து அந்தக் காலத்தில் சினிமா தியேட்டரையே நிரப்பினார்கள் என்றால், திரைக்குப் பின்னால் இருந்த ராட்சத ஹார்ன்களும் அதற்குக் காரணம்.

இன்னொன்று உண்டு. ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுத் தவறைத் திருத்தும் ஏற்பாடு) இல்லாத இந்த வகை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியே போகும் கரண்டுக்கு ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை, 3 ஓம் வரை போகும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் அது 0.1 ஓம் கூட இருக்காது. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஒரு ஸ்வரத்தில் 4 ஓமுக்கு இறங்கும், வேறொன்றில் 20 ஓமுக்கு ஏறும். 3 ஓம் ஆம்பில் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்றரை டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். வால்வின் "கதகதப்பு" என்று நாம் உருகுவதில் ஒரு பங்கு இதுதான். யாரோ டோன் குமிழைத் திருகிவைத்தது போல. சில ஸ்பீக்கருக்கு அழகு, சிலவற்றுக்கு அலங்கோலம்.

அந்தத் தம்பியிடம் ஸ்பீக்கரின் காகிதத்தைக் கேட்டேன். 85 என்று இருந்தது. "வால்வ மாத்தாதீங்க, ஒண்ணு ஸ்பீக்கரை மாத்துங்க, இல்ல ஆம்பை வித்துடுங்க" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் விற்றபோது பாதி விலைதான் கிடைத்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது

எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் காதுக்கு நன்றாக இருக்கும். விற்கத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 400 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு ஆம்பும் ஒரே வோல்ட் காட்டும்படி வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பாட்டைப் போட்டுச் சண்டை போடலாம். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டுவது

டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகிய கை செய்கிற தவறு. அதில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது; இரண்டு ஒயர் ஒன்றோடொன்று உரசினால்தான் ஆபத்து. வால்வில் நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாமல் பாட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். ஆம்பிலேயே விலை கூடிய சாமான் பெரும்பாலும் அதுதான்.

பயாஸ் பார்க்காமல் பவர் வால்வு மாற்றுவது

பயாஸ் என்பது பாட்டு இல்லாதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைக்கும் அளவு. சின்ன 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வுகளை மாற்றலாம், பெரும்பாலும் பிரச்சினை வராது. ஈஎல்34 போன்ற பவர் வால்வு என்றால், தானே சரிசெய்துகொள்ளும் கேதோடு பயாஸ் ஆம்பா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மீட்டர் வைத்து பயாஸ் திருத்த வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு பழுக்கக் காய்ச்சிய கரண்டி மாதிரி சிவக்கும். இருட்டில் பார்க்க அழகாக இருக்கும். உடனே அணையுங்கள்.

அடியில் எல்இடி எரியும் குட்டி வால்வு

அது பெரும்பாலும் அலங்கார விளக்கு மாதிரிதான். வாட் கொடுப்பது உள்ளே இருக்கும் சிப்.

அணைத்தவுடன் மூடியைத் திறப்பது

உள்ளே கெபாசிட்டரில் 400 வோல்ட் இன்னும் உட்கார்ந்திருக்கும்.

வெயிலை மறப்பது

ஈஎல்34 ஒன்றின் ஹீட்டர் மட்டுமே ஒன்பதரை வாட் தின்னும். நான்கு இருந்தால் 38 வாட், பாட்டுக்கு முன்னாலேயே. மொத்த ஆம்புக்கு 150 வாட்டைத் தாண்டும், அதில் பெரும்பகுதி அறைக்குள் சூடாகத்தான் இறங்கும். மின்விசிறியைக் கூட்டினால் அதன் சத்தத்தில் மெல்லிய இடங்கள் போய்விடும். ஆமாம், என்னிடம் இப்போதும் ஒரு வால்வு ஆம்ப் இருக்கிறது, 94 டெசிபெல் ஸ்பீக்கரோடு. சித்திரை பிறந்ததும் அதன் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, பிளைவுட் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குகிறேன். அந்த உடைந்த குமிழை மட்டும் இன்னும் மாற்றவில்லை.